முழங்கால் என்னும் கீல்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று தோழியர் கேட்டபோது, “முழங்கால்” என்றேன். கொல்லென்று சிரித்தார்கள். நட்பு, நிலவு, நாட்டுப்பற்று என்று எத்தனையோ பொருள்கள் இருக்க, “முட்டியிலே எழுத என்னடி இருக்கிறது?” என்றாள் ஒருத்தி. அவளுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஓராண்டாக மூன்று தலைமுறைக்கும் அதுதான் பேச்சு. அப்பாயிக்கு மூட்டுத் தேய்மானம். அம்மாவுக்கு நடவு முடிந்த இரவுகளில் குடைச்சல். அண்ணனுக்கோ ஜவ்வு கிழிந்து, காவலர் தேர்வுக்கு ஓட வேண்டிய கால் கட்டிலில் கிடந்தது. ஒரு வீட்டின் வருங்காலம் ஒரு மூட்டில் தொங்குவதைக் கண்ட பிறகு நிலவைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

எங்கள் ஊர் அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம். சிமெண்டு ஆலையின் பெயரோடு சேர்த்துச் சொன்னால்தான் வெளியூர்க்காரருக்கு விளங்கும். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சாலையெங்கும் லாரிகள், வேப்பிலை மேலும் வெள்ளைத் தூசி. இந்தச் சுண்ணாம்புக்கல் எல்லாம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததன் மிச்சம் என்பதை விலங்கியல், புவியியல் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட் புதைபடிவங்களை நம்மில் பலர் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம். ஆனால் இம்மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைப் பற்றி அறிந்தவர் சிலரே. 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் அவற்றை விவரித்து ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டனர். பேருடல் படைத்த பல்லி என்பது பொருள். கிடைத்தவற்றுள் தொடை எலும்பின் பகுதியும் கீழ்க்கால் எலும்பும் அடங்கும். அந்தக் கீழ்க்கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் என்று குறித்தார்கள். நம் உயரமான பேராசிரியர் ஒருவரை அதன் அருகே நிறுத்தினாலும் எலும்பே உயர்ந்து நிற்கும்! அந்த எலும்புகள் இன்று இல்லை, சிதைந்து போயின. வகுப்பில் இதைக் கேட்ட நாளில் எனக்குத் தோன்றிய ஐயம் ஒன்றுதான்: அவ்வளவு பெரிய உடம்பைத் தாங்கிய அந்த முட்டி வலித்திருக்காதா?

நம் கதைக்கு வருவோம். முழங்காலை வெறும் கீல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதவுக் கீல் ஒரு பக்கம் மட்டும் திரும்பும். முழங்கால் மடங்கும், நீளும், மடங்கிய நிலையில் சற்றே சுழலவும் செய்யும். மேலே தொடை எலும்பு உருண்டையாக முடிகிறது. கீழே கால் எலும்பின் தலையோ ஏறக்குறையத் தட்டை. உருண்டையைத் தட்டின் மேல் நிறுத்தினால் உருளாமல் என்ன செய்யும்? உருளாமல் காப்பவை நான்கு ஜவ்வுகள். இரண்டு பக்கவாட்டில், இரண்டு மூட்டின் நடுவே சிலுவை போல் ஒன்றையொன்று குறுக்கிட்டு. இடைவெளியில் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் திண்டுகள். முன்னே காவலாக முட்டிச் சில்லு. இத்தனையையும் இழுத்துப் பிடித்திருப்பது தொடைத் தசை. சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்குச் சுமை முழங்காலில் இறங்குகிறது. படியேறும்போது இன்னும் கூடும். அப்பாயிக்கு இதைச் சொன்னேன். “அதனாலதான் ஆண்டவன் முட்டிய உருண்டையா வச்சிருக்கான், சுமைய உருட்டி விட” என்றார். அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. பாடநூலை விட நன்றாக இருந்தது.

சென்ற ஆண்டு பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் கபடிப் போட்டி. கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு என்று பொது அறிவுத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். பெரிய போட்டிகளில் அதை ரப்பர் விரிப்பின் மேல் ஆடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்த நிலத்தைச் சமன்செய்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, விளக்குக் கட்டி ஆடுவதுதான் வழக்கம். கரிசல் காய்ந்தால் கல். வெடிப்பில் தண்ணீர் தெளித்தால் வழுக்கும். அண்ணன் எதிரணிக் களத்தில் பாடிச் சென்று ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினார். ஒருவர் கணுக்காலைப் பிடித்தார். உடம்பு கோட்டை நோக்கித் திரும்பியது, பாதம் திரும்பவில்லை. ‘டப்’பென்று ஒரு சத்தம். அதைத் தாம் மட்டுமல்ல, பிடித்தவரும் கேட்டதாக அண்ணன் பிறகு சொன்னார். புள்ளி கிடைத்தது. எழுந்து இரண்டடி நடந்தார். வீடு வந்து சேர்வதற்குள் முட்டி இளநீர்க் காய் போல் வீங்கிவிட்டது.

இந்த மூன்றையும் நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். திருகலின்போது ஒரு சத்தம். ஓரிரு மணி நேரத்துக்குள் வீக்கம். பின்னர் நடக்கும்போது கால் தன்வசமின்றி விட்டுக்கொடுப்பது. இவை சேர்ந்து வந்தால் நடுவிலுள்ள முன் சிலுவை ஜவ்வு அறுந்திருக்கலாம் என்று மருத்துவர் முதலில் ஐயுறுவர். அவ்வளவு விரைவில் வீங்குவது பெரும்பாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிவதால். மறுநாள் மெல்ல வீங்கி, உட்கார்ந்து எழும்போது முட்டி இடையில் பூட்டிக்கொண்டு நீட்ட மறுத்தால் பிறைக் குருத்தெலும்பு கிழிந்திருக்கக் கூடும். உட்பக்க ஜவ்வு மட்டும் கிழிந்தால் பட்டை போட்டு ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். முன் சிலுவை ஜவ்வு அப்படியன்று. முற்றும் அறுந்த நுனிகள் தாமாக ஒன்று சேர்வது அரிது.

இதையெல்லாம் நாங்கள் அறிந்தது பின்னால்தான். அன்றிரவு ஊர்ப் பெரியவர்கள் கூடி, “சுளுக்குதான், ஒரு கட்டுக் கட்டினால் சரியாப் போயிடும்” என்றார்கள். ஒரு கட்டு வைத்தியரிடம் அப்பா அழைத்துச் சென்றார். அவர் காலை இழுத்துத் திருகி, முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். வாரத்துக்கு ஒரு கட்டு, ஆறு கட்டு. நாட்டு வைத்தியம் என்றாலே இழிவாகப் பேசும் கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்லள் நான். முறிந்த எலும்பை அசையாமல் வைத்துக் கூட்டுவித்த கைகள் நம் ஊர்களில் இருந்தன, இருக்கின்றன. ஆனால் எலும்பு முறியாத இடத்தில் அசையாக் கட்டு என்ன செய்யும்? ஆறாம் கட்டை அவிழ்த்தபோது வீக்கம் வற்றியிருந்தது; தொடையும் வற்றியிருந்தது. வலப்பக்கத்தை விட இடத்தொடை கண்ணுக்குத் தெரியும்படி சூம்பிப் போயிருந்தது. அண்ணன் திண்ணையிலிருந்து இறங்கினார். கால் மடிந்து கீழே உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் அவர் அழுததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு இரவெல்லாம் படித்து வைத்திருந்தார்.

பிறகு அரசு மருத்துவமனை. எலும்பு மருத்துவர் அண்ணனைப் படுக்க வைத்து, முட்டியைச் சற்றே மடக்கி, கீழ்க்காலை முன்னோக்கி மெல்ல இழுத்துப் பார்த்தார். அரை நிமிடச் சோதனை. “ஜவ்வு இல்லையப்பா இங்கே” என்றார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதையே சொன்னது. அறுவை உடனே இல்லை. முட்டி முழுதாக நீளவும் மடங்கவும் வந்து, தொடைத் தசை ஓரளவு தேறிய பிறகே என்றார். எல்லோருக்கும் அறுவை வேண்டும் என்பதும் இல்லையாம். ஓடாமல், திடீரென்று திரும்பாமல் வாழ்க்கை நடத்துபவர் தசைப் பயிற்சியாலேயே சமாளிக்கலாம். “நீ என்ன ஆகப் போகிறாய்?” என்று கேட்டார். “போலீஸ், சார்.” “அப்படியென்றால் செய்வோம்.”

அம்மா இசையவில்லை. 2022 நவம்பரில் சென்னையில் கால்பந்து ஆடிய கல்லூரி மாணவி ஒருத்தி முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் இறந்த செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அவளும் நம்மைப் போல் அரசுக் கல்லூரியில் முதலாண்டு படித்தவள். அம்மா அதை மறக்கவில்லை. மருத்துவர் முன்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, அந்தப் பொண்ணுக்கு ஆனமாரி ஆயிடுச்சுன்னா?” என்று கேட்டேவிட்டார். நான் கூனிக் குறுகினேன். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அந்தப் பெண்ணுக்கு அறுவைக்குப் பின் கட்டிய கட்டு இறுகியதால் காலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டது என்று விளக்கினார். அதனால், கட்டுப் போட்ட காலில் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், விரல்கள் மரத்தாலும், சில்லிட்டாலும், வெளிறினாலும், நடு இரவானாலும் செவிலியரை அழைக்க வேண்டும். “ஆபரேசன்னா வலிக்கத்தான் செய்யும்” என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது என்றார். அம்மா அதை மந்திரம் போல் மனப்பாடம் செய்துகொண்டார். அறுவை நடந்த சூன் மாத இரவில் அரைமணிக்கு ஒரு முறை அண்ணனின் கால்விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே விடிய விடிய விழித்திருந்தார். மாமா “தூங்கு தங்கச்சி” என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்து அட்டை இருந்ததால் செலவு பெரிதாக இல்லை. இல்லாவிட்டால் முந்திரித் தோப்பில் எங்கள் பங்கு போயிருக்கும்.

அறுவையில் என்ன செய்கிறார்கள்? தொடையின் பின்புறத் தசைநாண் ஒன்றிரண்டை எடுத்து, மடித்து, எலும்பில் துளையிட்டு, அறுந்த ஜவ்வின் இடத்தில் பொருத்துகிறார்கள். எல்லாம் சிறு துளைகளின் வழியே, கண்ணாடிக் குழல் கொண்டு பார்த்து. பொருத்திய நாண் ஜவ்வாகவே மாறி வலுப்பெற மாதங்கள் ஆகும். வலி போய்விட்டதே என்று ஒன்பது மாதத்துக்கு முன் களம் இறங்கியவர்க்கு மறுபடி அறுவதற்கான வாய்ப்பு மிக அதிகம் என ஆய்வுகள் காட்டுகின்றன. பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் ரொனால்டோவின் கதையை அண்ணனுக்கு நான் சொன்னேன். அவருக்குச் சேதமானது வேறு நாண், முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ளது. 1999 நவம்பரில் காயம், அறுவை, 2000 ஏப்ரலில் களம் திரும்பிய சில நிமிடங்களிலேயே அது முற்றிலும் அறுந்தது. மறுபடி அறுவை, மறுபடி பல மாதம். 2002 உலகக் கோப்பையில் 8 கோல். இறுதியாட்டத்தின் இரண்டு கோலும் அவருடையவை. இந்தக் கதையின் பிற்பகுதி அண்ணனுக்குப் பிடித்தது. முற்பகுதியைத்தான் நான் வேண்டுமென்றே இருமுறை சொன்னேன்.

இனி அப்பாயி. அவருக்கு எந்த ஆட்டத்திலும் காயம் இல்லை. பதின்மூன்று வயதில் வயலில் இறங்கியவர். நடவில் குனிந்து பின்னோக்கி நகரும்போது சேற்றில் புதைந்த காலை ஒவ்வோர் அடிக்கும் திருகித்தான் பிடுங்க வேண்டும். களையெடுக்கக் குந்த வேண்டும். முந்திரிக் காலத்தில் பழம் பொறுக்கக் குந்தியபடியே தோப்பு முழுதும் நகர வேண்டும். வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலும் குந்தல், கழிப்பறையிலும் குந்தல். முழுக்க மடங்கும்போது முட்டிச் சில்லு தொடை எலும்பை அழுத்தும் அழுத்தம் பெரிது. வயது, உடல் எடை, பரம்பரை, பழைய காயம், மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு வரும் மாற்றம் இவற்றோடு ஆயுட்கால உழைப்பும் சேரும்போது எலும்பு முனையைப் போர்த்திய வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்தில் முழந்தாளிட்டு வேலை செய்தவர்களுக்கு முட்டி வீங்குவதைத் தொழில்நோய் என்று சட்டப் பட்டியலிலேயே சேர்த்தார்கள். நம் நடவுப் பெண்களின் முட்டிக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. “வயசாச்சுல்ல” என்னும் ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றி இறக்கும் ஆண்களுக்கும் இதே கதைதான் என்றாலும், அவர்கள் கூலியாவது பேசி வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2006-இல் சிக்குன்குனியா பரவியபோது அப்பாயிக்கும் வந்தது. ஆப்பிரிக்க மக்கோண்டே மொழியில் ‘வளைந்து முடங்குதல்’ என்னும் பொருளுடைய சொல்லாம் அது. எங்கள் தெருவே வளைந்து நடந்ததாக அம்மா சொல்வார். காய்ச்சல் சில நாளில் போனது. மூட்டு வலி மாதக்கணக்கில் நின்றது. அதன் பிறகு வந்த வலியையெல்லாம் அப்பாயி அந்தக் காய்ச்சலின் கணக்கிலேயே எழுதிவிட்டார். சந்தையில் ஒருவர் விற்ற பொடியை வாங்கித் தின்றார். மூன்றே நாளில் வலி பறந்தது! இரண்டு மாதத்தில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் மருத்துவர். எந்த மூட்டுவலி மருந்தாவது மூன்று நாளில் மாயம் செய்தால் நண்பர்களே, அதைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் விளையாட்டன்று. இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். விலங்கியல் மாணவி என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூட்டுவலிக்கு நாம் விழுங்கும் டைக்ளோஃபினாக்கை மாடுகளுக்கும் போட்டார்கள். அந்த மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இலட்சக்கணக்கில் மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை இந்தியா தடை செய்தது. கழுகுகள் இன்னும் மீளவில்லை. அப்பாயியின் சுருக்குப்பையில் அந்த மாத்திரை அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கழுகு நினைவுதான்.

முற்றும் தேய்ந்த மூட்டுக்கு மாற்று மூட்டு உண்டு. பிரதமர் வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் மும்பையில் இடது முழங்காலும், 2001 சூனில் வலது முழங்காலும் மாற்றப்பட்டன. அறுவை செய்தவர் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சித்தரஞ்சன் ராணாவத். 1970களில் நியூயார்க்கில் இன்று உலகெங்கும் வழங்கும் செயற்கை முழங்காலின் முன்னோடியை வடிவமைத்த குழுவில் ஒருவர். அந்நாளில் அது பிரதமருக்குரிய வைத்தியம் என்றே ஊரில் நினைத்தார்கள். 2017 ஆகஸ்டில் நடுவண் அரசு விலை வரம்பு விதித்தது. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை 54,720 ரூபாய் ஆயிற்று. அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் அப்பாயிக்கு இப்போதைக்கு மாற்று மூட்டு வேண்டாம் என்றார்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறையும். தொடைத் தசை வலுத்தால் வலி தணியும். குந்துவதைத் தவிர்த்து உயரமான இருக்கை வேண்டும். இவ்வளவே மருந்து. காய்ச்சலோடு முட்டி சிவந்து வீங்கினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள் என்றார்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

நம் கல்லூரி விளையாட்டுத் திடலைப் பற்றியும் இரண்டு வரி. கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களை விடப் பெண்களுக்கு முன் சிலுவை ஜவ்வு அறுவது இரண்டு மடங்குக்கு மேல். இடுப்பமைப்பு, தசைவலு, குதித்து இறங்கும்போது முட்டி உட்புறம் சாய்வது எனக் காரணங்கள் பல சொல்கிறார்கள். நார்வே நாட்டில் இளம் கால்பந்து வீராங்கனையரிடம் 20 நிமிட முன்பயிற்சி ஒன்றைச் செய்வித்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மெதுவோட்டம், ஒற்றைக்கால் சமநிலை, தொடைப் பயிற்சி, முட்டி உட்சாயாமல் குதித்திறங்கல், அவ்வளவுதான். காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. காசு செலவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பேருந்து பிடிக்கும் அவசரத்தில் நம் மகளிர் அணி நேரே களத்தில் இறங்குகிறது. உடற்கல்வி இயக்குநர் ஐயா அவர்கள் இக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தால் அந்த 20 நிமிடத்தைப் பயிற்சி அட்டவணையிலேயே எழுதிவிட வேண்டும் என்பது மாணவியர் சார்பில் வேண்டுகோள்.

இவ்வாண்டுப் பொங்கல் ஆட்டத்தில் அண்ணன் கோட்டுக்கு வெளியே அமர்ந்து புள்ளி எழுதினார். இப்போது எட்டாம் மாதம் நடக்கிறது. மெதுவோட்டம் தொடங்கியாயிற்று, ஒற்றைக் காலில் தாவிப் பார்த்தால் இடது கால் வலது காலின் தூரத்தை இன்னும் எட்டவில்லை. எட்டிய பிறகே வேக ஓட்டம். அடுத்த காவலர் தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று நாளிதழைத் தினமும் புரட்டுகிறார். மாலையில் அவர் கணுக்காலில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்கும்போது, அப்பாயியும் எதிரே நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டுகிறார். அவருக்கு மூட்டை இல்லை, வெறுங்கால்தான். “பத்து எண்ணி நிறுத்தணுமாம் ராசா, நீ ஏழுலயே இறக்குற” என்று அண்ணனை அதட்டுகிறார். அம்மா அடுப்படியிலிருந்து பார்க்கிறார். அவர் இன்னும் குந்தித்தான் சமைக்கிறார். மேடை கட்டச் செங்கல் வாங்கியாயிற்று, சிமெண்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, கொத்தனார்தான் வந்தபாடில்லை.